எதிர்வீட்டு உம்மா

எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது. ஒரு முச்சக்கரவண்டி நுழைந்தால் எதிரே வருபவர் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும். அதனால் எதிர்வீட்டில் கரண்டி விழுந்தாலும் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது அவர்களுக்குத் தெரியும். கொழும்பில், தெமட்டகொடைப் பக்கம், இருபது வருடமாக இப்படி எதிரெதிரே இருக்கிறோம். நாங்கள் சைவக்காரர். அவர்கள் முஸ்லிம்கள். அந்த வீட்டு அம்மாவை ஒழுங்கையில் எல்லோரும் 'உம்மா' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் எங்களுக்கு ஹாஜியார்.

ஹாஜியார் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நாற்பது வருடம் நின்றவர். துணியை அளந்து, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் இழுப்பார். கிழிந்த கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும்.

2020 நவம்பரில், ஒரு நாள் காலை, மூச்சு முட்டுகிறது என்று அவரை அம்புலன்சில் ஏற்றினார்கள். கையில் ஒரு சின்னப் பையுடன் தானே நடந்துபோய் ஏறினார். "கேற்றைப் பூட்டிக்கொள்ளுங்க" என்றார். அந்த ஒழுங்கை கேட்ட அவருடைய கடைசி வார்த்தை அதுதான். அன்று மாலையே அவர்கள் வீட்டுக் கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். எங்கள் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போன நான், எதிர்வீட்டு முன்கூடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். இளைய மகன் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தான். பேசவில்லை. பிறகு அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். உம்மா குசினியிலிருந்து வந்தார். கையில் ஈரம். மகனின் முகத்தைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கும் அந்தச் சொல்தான் அது என்று தெரிந்தது. நாமெல்லாம் இறைவனுடையவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்பது அதன் பொருள்.

பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போய், தொழுகைக்கு முன் கழுவும் உளூவைச் செய்தார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால். ஒவ்வொன்றாக, வழக்கம் போலவே, ஒன்றையும் அவசரப்படுத்தாமல். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர் போய்விட்டார் என்று தெரிந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண் தன் குதிகாலைத் தேய்த்துக் கழுவுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இதற்கு அவர்கள் வழக்கில் ஒரு சொல் இருக்கிறது: சபூர், பொறுமை. மூத்த மகன் பின்னாளில் எனக்கு ஒரு சம்பவம் சொன்னார். ஒரு பெண் கபுறடியில், புதைகுழி ஒன்றின் அருகே, அழுதுகொண்டிருந்தாள். அவ்வழியே போன நபிகள் நாயகம், இறைவனை நினைத்துப் பொறுமையாக இரு என்றார். வந்தவர் யார் என்று தெரியாத அவள், என் துன்பம் உமக்கு வரவில்லையே என்று விலக்கிவிட்டாள். யாரென்று பிறகு அறிந்து அவர் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் காவலர் யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டவளுக்கு, பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடி விழும்போது இருப்பதுதான் என்று பதில் கிடைத்தது. நாள் ஆக ஆக எல்லோருடைய துக்கமும் ஆறும். முதல் அடியில் மனிதன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. நான் அந்த முதல் அடியைக் கண்ணால் கண்டேன்.

ஆனால் உம்மாவுக்கு இரண்டாவது அடியும் விழ இருந்தது.

அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொரோனாவால் இறந்தவர் யாராக இருந்தாலும் உடலை எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கியிருந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று காரணம் சொன்னார்கள். தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச் மாத வழிகாட்டலில் எழுதியிருந்தது. பல நாடுகளில் புதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே எரித்தார்கள்.

எங்கள் வீட்டில் எரிப்போம். என் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அந்தத் தீ எனக்கு மரியாதை, கடைசிக் கடன். எதிர்வீட்டில் அது அப்படியில்லை. இறந்தவரின் உடலுக்கும் நோகும் என்பதுபோல் நடந்துகொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போல என்பது அவர்களுடைய நபியின் போதனை. மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைக் கையில் ஊற்றிப் பார்ப்பார்கள். வயிற்றை மெதுவாகத்தான் தடவுவார்கள். கபன் எனும் வெள்ளைச் சீலையில் பொதிந்து, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து, நின்றபடியே தொழுது, தொழும் திசையான கிப்லாப் பக்கம் முகம் திருப்பி மண்ணில் வைப்பார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவார். இதில் ஒன்றுகூட ஹாஜியாருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மரியாதையான நெருப்பு, இருபதடி தூரத்தில் இன்னொரு வீட்டுக்குத் தண்டனையாகியிருந்தது.

மூத்த மகன் மட்டும் போனார். தூரத்தில் நிற்க வைத்தார்களாம். திரும்பி வந்து கேற்றடியில் நின்று வெகுநேரம் உள்ளே போகாமல் இருந்தார்.

அன்று இரவு அவர்கள் மொட்டை மாடியில் இரண்டு மகன்மாரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். முன்னால் உடல் இல்லை. குனியவுமில்லை, நெற்றியை நிலத்தில் வைக்கவுமில்லை. நான்கு தடவை 'அல்லாஹு அக்பர்' கேட்டது. வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் சொல்லி முடித்தார்கள். அது காயிப் ஜனாஸா, எதிரே இல்லாத உடலுக்கான தொழுகை. அபிசீனியாவின் அரசர் நஜ்ஜாஷி கடலுக்கு அப்பால் இறந்தபோது நபிகள் நாயகம் மதீனாவில் நின்று அவருக்காக இப்படித் தொழுதார். கடல் கடந்து இறந்தவருக்காகத் தொழப்பட்ட தொழுகையை, சில மைல் தூரத்தில் இறந்த தகப்பனுக்காக அந்தப் பிள்ளைகள் தொழுதார்கள்.

மரண வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது என்று நாங்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கேற்றடியில் வைத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அவர்கள் மார்க்கத்திலும் அப்படித்தான் வழக்கம். போரில் இறந்த ஜஃபரின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபியே சொன்னதாக மூத்த மகன் சொன்னார். நான்காம் நாள் எங்கள் பாத்திரங்கள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன. வெறுமையாக வரவில்லை. உள்ளே ஈத்தம்பழம் இருந்தது.

உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. வெள்ளைச் சேலை. நகை இல்லை, வாசனை இல்லை. வெளியே போவது இல்லை. முன்கூடத்துக் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் அந்த வெள்ளை அசைவதைத்தான் காண்பேன்.

அந்த நாட்களில் இளைய மகன் இரவில் சத்தம் போடுவான். யாரை எல்லாமோ திட்டுவான். ஒரு நாள் உம்மாவின் குரல் ஒழுங்கையைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

"அழுங்க மகன். எவ்வளவு வேணும்னாலும் அழுங்க. அழுறது பாவம் இல்ல. ஏசாதீங்க."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "கோர்ட்டுக்குப் போறாங்களே, அவங்க கேட்டா கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

ஏசாதே, ஆனால் வழக்குக்குக் கையெழுத்துப் போடு. சபூர் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பது என்று நினைத்திருந்த எனக்கு இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் புரிந்துகொள்ளச் சில நாட்கள் எடுத்தன. அரபியில் அந்தச் சொல்லின் வேருக்குத் தடுத்து நிறுத்துவது, பிடித்து வைப்பது என்று பொருளாம். மனதை நம்பிக்கை இழக்காமல் பிடிப்பது, நாக்கை முறைப்பாட்டிலிருந்து பிடிப்பது, கையைக் கன்னத்தில் அறைந்துகொள்ளாமல் பிடிப்பது என்று மார்க்கம் கற்ற ஆலிம்கள் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். அந்த மூன்றில் எதுவும் நியாயம் கேட்கும் கையைப் பிடிக்கச் சொல்லவில்லை.

கார்த்திகை விளக்கீடு வந்தது. நவம்பர் 29. எதிரே அப்படியொரு வீடு இருக்க, வாசலில் வரிசையாகச் சுடர் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. சாமி அறையில் ஒரு விளக்கோடு நிறுத்திக்கொண்டோம். இருட்டிய பிறகு உம்மாவின் பேரன் வந்து கேற்றைத் தட்டினான். எட்டு வயது இருக்கும்.

"உம்மம்மா கேக்கச் சொன்னாங்க. இந்த வருஷம் ஏன் விளக்கு வைக்கல?"

என் மனைவியால் பதில் சொல்ல முடியவில்லை.

"வைக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

நாங்கள் வைத்தோம். சன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த வெள்ளைச் சேலை நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள், டிசம்பர் 1ஆம் திகதி, கட்டாய எரிப்புக்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு ஒழுங்கையில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கவில்லை. எதிர்வீட்டில் பேரன் உம்மம்மாவிடம் கேட்டான், பிள்ளையின் உம்மா அழுதால் சபூர் போய்விடுமா என்று.

உம்மா அவனுக்குக் கதை சொன்னார். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து நானும் கேட்டேன். யாகூப் நபிக்கு யூசுப் என்று ஒரு பிள்ளை. பிள்ளை காணாமல் போனது. தகப்பன் அழுதார், அழுதார், கண் வெளுத்துப் பார்வை போகும்வரை அழுதார். தன் துக்கத்தை எல்லாம் இறைவனிடம் மட்டும் கொட்டினார். அவருடைய பொறுமைக்குத்தான் குர்ஆனில் 'அழகிய பொறுமை' என்று பெயர். கண் போகுமளவு அழுதவர்தான் பொறுமைக்கு உதாரணம் என்றார் உம்மா.

பிறகு இன்னொன்று. நபிகள் நாயகத்தின் ஆண்மக்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். பெண்மக்கள் நால்வரில் மூவர் அவர் உயிரோடு இருக்கும்போதே இறந்தார்கள். ஒன்றரை வயதளவில் கடைசி மகன் இப்ராஹீம் இறந்தபோது அவர் கண்ணீர் விட்டார். அது இரக்கம் என்று, கேட்டவருக்குச் சொன்னார். அன்று சூரிய கிரகணம். குழந்தைக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். அவர் அதை மறுத்தார். யாருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்றார். மகனைப் புதைத்த நாளிலும் அவர் தன் துக்கத்துக்காக ஒரு பொய்யை உலவ விடவில்லை.

பேரன் தூங்கிவிட்டான் போலிருந்தது. உம்மா கதையை முடித்துத்தான் நிறுத்தினார்.

மறு வாரம், பொரளைக் கனத்தை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். கோஷம் இல்லை. கபன் சீலையின் கீற்று ஒன்றைக் கொண்டுவந்து, கம்பியில் முடிந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். முஸ்லிம்கள் மட்டும் வரவில்லை. சிங்களவரும் தமிழரும் வந்தார்கள், கிறிஸ்தவ மதகுருமார் வந்தார்கள்.

உம்மா இத்தாவில் இருந்ததால் போகமுடியாது. மூத்த மகனைக் கூப்பிட்டு அலுமாரியைத் திறக்கச் சொன்னார். ஹாஜியார் ஹஜ்ஜுக்குப் போன வருடம் மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்த வெள்ளைப் பருத்தி அதில் இருந்தது. துணிக்கடைக்காரர் அல்லவா, தன் கபனைத் தானே அளந்து மூன்று விரிப்பாகக் கிழித்து மடித்து வைத்திருந்தார். கூடவே அதே துணியில் மூன்று நாடாக்கள். பொதிந்த சீலை அவிழாமல் தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று கட்டுவதற்கு. கபுறில் வைத்த பிறகு அந்த முடிச்சுகளை அவிழ்த்துவிடுவார்கள்.

உம்மா விரிப்புகளைத் தொடவில்லை. மூன்று நாடாக்களை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

நானும் கூடப் போனேன். வேலி நெடுகிலும் வெள்ளை. காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக அசைந்தன. மூத்த மகன் ஒன்றைக் கட்டினார். இளையவன் ஒன்றைக் கட்டினான். அவன் கை நடுங்கியது, முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவதை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக் கட்டினேன். ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

ஒரு நாள் இரவில் வேலித் துணிகளை எல்லாம் அகற்றிவிட்டார்கள். சனங்கள் திரும்பப் போய்க் கட்டினார்கள். எங்கள் மூன்று நாடாக்களும் போய்விட்டன என்று மகன் வந்து சொன்னபோது, "அவிழ்க்கத்தானே வேணும்" என்றார் உம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒழுங்கையின் முடிவில் கூலிவேலை செய்துவந்த ஒரு மனிதர் மாரடைப்பில் இறந்தார். நோய்த்தொற்று இல்லை என்று சான்று கிடைத்ததால் அவரை அடக்கம் செய்ய முடிந்தது. அவர் வீட்டில் காசு இல்லை. உம்மா அந்த மூன்று விரிப்புகளையும் கொடுத்தனுப்பினார். நாடாவுக்கு வேறு துணி கிழித்துக்கொண்டார்கள். ஹாஜியார் தனக்கென அளந்த துணி, இன்னொரு மனிதரோடு மண்ணுக்குப் போனது.

2021 பிப்ரவரி கடைசியில் அரசு வர்த்தமானியை மாற்றி அடக்கத்தை அனுமதித்தது. முதலில் இரணைதீவு என்றார்கள். போரால் துரத்தப்பட்டு அப்போதுதான் மீண்டு வந்திருந்த அத்தீவின் மீனவக் குடும்பங்கள் எதிர்த்தன. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி, மஜ்மா நகர் இடம் கொடுத்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அங்கே அடக்கப்பட்டன.

அந்தச் செய்தி வந்தபோது உம்மாவின் இத்தா முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. நான்கு மாதம் முன்பு இந்த அனுமதி வந்திருந்தால் ஹாஜியாருக்கும் ஒரு கபுறு இருந்திருக்கும். உம்மா என்ன சொல்லுவாரோ என்று நான் பயந்தேன். சன்னலடியில் என்னைக் கண்டதும் அவராகவே பேசினார்.

"அல்ஹம்துலில்லாஹ், மகன். இனி ஒருத்தருக்கும் இது வராது."

தனக்குக் கிடைக்காதது மற்றவருக்குக் கிடைத்ததற்காக நன்றி சொல்லும் நாக்கை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சன்னலை விட்டு அவர் திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். இரண்டும் உண்மை.

ஒரு வருடம் கழித்து, கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு, உம்மா ஓட்டமாவடி போக வேண்டும் என்றார். அங்கே அவருக்கு யாரும் இல்லை. மகன்மார் ஏனென்று கேட்கவில்லை. வான் பிடித்தார்கள். நானும் போனேன்.

வெயில். செம்மண். 3,600க்கும் மேற்பட்ட மண்மேடுகள், வரிசை வரிசையாக. பெரும்பாலும் முஸ்லிம்கள், இந்துக்களும் கிறிஸ்தவரும் பௌத்தரும்கூட அங்கே இருக்கிறார்கள். உம்மா வாசலில் நின்று கபுறாளிகளுக்கு ஸலாம் சொன்னார். பிறகு ஒரு வரிசையில் மெல்ல நடந்தார். யாரோ ஒருவரின் மேட்டருகே நின்று இரண்டு கைகளையும் ஏந்தினார். அடுத்த மேடு. அதற்கடுத்த மேடு. எது யாருடையது என்று பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த பிரார்த்தனை வேறு. அதை மனதுக்குள் சொன்னபடி பின்னால் நின்றேன். திரும்பும்போது குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார், திரும்ப அதே இடத்தில் போட்டார். மூன்று தடவை.

2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றது அந்தச் செய்தி. இளையவன் அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். தொழுகைக்கான பாங்கு கேட்டது. எழும்பிக் குழாயடிக்குப் போனார். கை, வாய், மூக்கு, முகம்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இழந்தவர் வீட்டுக்குப் போனால் பொறுமையாக இருங்கள் என்று சொல்லப் போகாதீர்கள். அது அவர்களுக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. நாம் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. நாம் சோறு கொண்டுபோகலாம். கையெழுத்துப் போடலாம். வேலியில் ஒரு முடிச்சுப் போடலாம். மன்னிப்புக் கேட்கும் நாள்வரை காத்திருக்காமல், அநியாயம் நடக்கும் அன்றைக்கே பேசலாம்.

அந்த 276 பேரில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டு ஹாஜியார். அவருக்குக் கபுறு இல்லை.